நான்கு விரல் இடைவெளி

அடுகோடி, பெங்களூரு
9 ஜூன் 2024, ஞாயிறு

கேரல்,

கடிதம் தமிழில்தான் இருக்க வேண்டும், உங்கள் மடத்து மதர் படித்துப் பார்த்த பிறகுதான் உன் கைக்கு வரும் என்று உன் அப்பா சொன்னார். அதனால் முதலில் மதருக்கு என் வணக்கம். இனி வருவதெல்லாம் பன்னு, நிப்பட்டு என்ற இரண்டு கூண்டுப் பறவைகளைப் பற்றியது. வேலை இருந்தால் மதர் தாண்டிப் போகலாம்.

நீ கன்னியர் மடத்தில் சேர்ந்து ஐந்து வாரம் ஆகிறது. போகும்போது, நாம் சேர்ந்திருந்த இந்த வீட்டில், கூண்டின் மேல் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாய். தினை எவ்வளவு, தண்ணீர் எப்போது, துணி எந்தப் பக்கம் என்று பதினான்கு வரி. பத்துக் கட்டளையோடு நிறுத்த உன்னால் முடியவில்லை. பதினான்கையும் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் பன்னுவின் பின்னங்கழுத்தில் இறகே இல்லாமல் போனால் என்ன செய்வது என்று அதில் எங்கும் இல்லை.

முதலில் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. இப்போது ஸ்வெட்டர் பொத்தான் அளவு. தோல் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. கூண்டுக்கு அடியில் தினமும் நான்கைந்து சாம்பல் இறகுகள். நேற்று விடுமுறை என்பதால் எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நிப்பட்டு அவளை ஒட்டி உட்கார்கிறான். அவள் தலையைக் குனிகிறாள். அவன் மூக்கால் கோதிவிடுகிறான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இரண்டு நிமிடம் கழித்து ஒன்றைப் பிடுங்குகிறான். அவள் "கீ" என்கிறாள். கத்திவிட்டுத் திரும்பவும் தலையைக் குனிகிறாள். எனக்குப் புரியாதது அதுதான். வலித்தால் நகரலாமே? கூண்டு இரண்டடி அகலம் இருக்கிறது.

மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் வெங்கடசாமி துணி காயப்போட வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அந்தப் பொட்டைக்கு நீங்க சோறு போடறது இல்லியா? ஒரே சொட்டையா கீதே!" என்றார். நீ இருந்திருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்திருப்பாய். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

நாள் முழுக்க ஆபீசில் உட்கார்ந்து, பார்சல் வரவில்லை, பார்சல் உடைந்தது என்று கத்துகிறவர்களுக்கு "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மெயில் எழுதுகிறேன். பக்கத்து நாற்காலியில் நீயும் இரண்டு வருடம் அதைத்தான் எழுதினாய். வீட்டுக்கு வந்தால் பன்னு என்னைப் பார்க்கிறாள். அவளுக்கு எந்த மெயில் அனுப்புவது?

இவை உன் பறவைகள். நான் பார்த்துக்கொள்கிறவள் மட்டும்தான். என்ன செய்யட்டும், சொல்.

சங்கமித்ரா

*

கொடைரோடு
15 ஜூன் 2024

அன்புள்ள சங்கு,

கிறிஸ்துவில் வாழ்த்து. (இப்படித்தான் ஆரம்பிக்கணும்.) என் எழுத்தைப் பாத்துச் சிரிக்காதே. ஸ்கூல்ல எனக்குச் செகண்ட் லாங்வேஜ் கன்னடா. இங்க நாலாம் கிளாஸ் தமிழ்ப் புக்கு வெச்சுப் பழகறேன். இந்த லெட்டரை ரெண்டு தடவை எழுதிட்டேன்.

நல்லாக் கேளு. அது பூச்சிடீ. மழைக்காலம் வந்தா வரும். வேப்பிலை போட்டுத் தண்ணி கொதிக்க வெச்சு, ஆறின அப்புறம் ரெண்டு பேருக்கும் ஸ்ப்ரே பண்ணு. காலைல பண்ணு, சாயந்திரம் வேணாம், சளி புடிக்கும். அவங்க கொறிக்கிற கடல் நுரை ஓடு தீந்துபோச்சுன்னா சிவாஜிநகர்ல அப்பா வாங்கித் தருவார். நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், ஆனா கேளு. வாரத்துல ரெண்டு நாள் அவிச்ச முட்டை. கூண்டுக்குள்ள இருக்கிற பானையை மட்டும் தொடாதே. ஈஸ்டருக்கு அப்புறம் நான் ஆசையா வாங்கி வெச்சது. அதான் அவங்க வீடு.

நிப்பட்டு அவளைக் கடிக்கிற ஆள் இல்ல. அடுகோடி முழுக்கத் தேடு, எத்தனை புருஷன் பொண்டாட்டிக்குத் தலை வாரி விடறான்? இவன் விடறான். நீ அதைப் போயி மொறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்கே. உனக்கு எல்லாத்தையும் ஓவராப் பாக்கற வியாதி.

இங்க அஞ்சு மணிக்கு மணி அடிக்கும். அப்புறம் பூசை, அப்புறம் பீன்ஸ் நறுக்கறது. மத்தியானம் வரைக்கும் யாரும் பேசக் கூடாது. என்னை நெனச்சுப் பாரு! முதல் சனி, மூணாவது சனி மட்டும் லெட்டர் போகும். போன் கிடையாது. கேட்ல உக்காந்திருக்கிற சிஸ்டருக்குக் காது சுத்தமாக் கேக்காது. பேரு, ஊரு எல்லாம் கத்திச் சொன்னாத்தான் உள்ள விடுவாங்க. ஆகஸ்ட் 18 வீட்டாளுங்க வர்ற நாள். உன் பேரையும் குடுத்திருக்கேன். பயப்படாதே, வழக்கம்போல நானே ஓடி வந்து உன் பேரைச் சொல்லிடறேன்.

வேப்பிலை. மறக்காதே.

கேரல்

*

அடுகோடி
23 ஜூன் 2024, ஞாயிறு

கேரல்,

நான்கு நாள் வேப்பிலைத் தண்ணீர் அடித்தாயிற்று. வீடு முழுக்க அம்மை போட்ட வீட்டு வாசனை. பூச்சி ஒன்றுகூட விழவில்லை. அதற்குப் பதிலாகப் பன்னுவின் வழுக்கை காதுவரை வந்துவிட்டது. நனைந்த பிறகு நிப்பட்டு அவளை இன்னும் அதிகமாகக் கோதுகிறான், அதுதான் நடந்தது.

அதனால் நேற்று ஜெயநகரில் பறவைகளுக்கென்று இருக்கிற டாக்டரிடம் போனேன். டாக்டர் வீணா. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனது ஒரு கதை, அதை விடு. அங்கே பேச முடியாமல் போய்விடுமே என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். எந்தத் தேதியில் எத்தனை இறகு, எந்த இடத்தில், என்ன சாப்பிட்டாள் என்று. உள்ளே போனதும் தாளை நீட்டினேன். அவர் நின்றபடியே முழுதும் படித்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்."

"சென்னாகிதே, நல்லா இருக்கு. என் ஜூனியர்ஸ்கூட இப்படி எழுத மாட்டாங்க. ஆனா ஒண்ணு மட்டும் இதுல இல்ல. நீங்க என்ன நினைக்கறீங்க?"

"கேரல் பூச்சின்னு சொன்னா."

"கேரல் யாரு?"

"ஃப்ரெண்ட். அவளோட பறவைங்கதான். இப்ப கொடைரோடுல இருக்கா."

"கொடைரோடுலேருந்து கேரலுக்குக் கழுத்து தெரியுதா?"

அவர் சிரித்துவிட்டுப் பன்னுவைத் துண்டில் சுற்றிக் கையில் எடுத்தார். ஒரு பறவை தன் மார்பில், இறக்கைக்கு அடியில் பிடுங்கியிருந்தால் அதுவே செய்துகொண்டது. தன் பின்னந்தலையை எந்தப் பறவையாலும் தன் மூக்கால் எட்ட முடியாது. அங்கே வழுக்கை விழுந்தால் செய்தது பக்கத்தில் இருப்பவன்தான் என்றார். இவ்வளவு நாள் முக்காலி போட்டுப் பார்த்த எனக்கு இது தோன்றவில்லை. தோன்றியது. நீ இல்லை என்று சொன்னதால் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

"சண்டையா டாக்டர்?" என்று கேட்டேன்.

"சண்டை இல்லம்மா. ப்ரீதி ஜாஸ்தி. வேற வேலை இல்ல, பானை இருக்கு, ராத்திரி பத்து மணி வரைக்கும் லைட் இருக்கு. அவனுக்கு அவளை விட்டா ஒண்ணும் இல்ல."

பானையை எடுக்க வேண்டும். சாயங்காலம் ஆறரைக்கெல்லாம் கூண்டை மூடி இருட்டாக்க வேண்டும். இரண்டு பேரையும் தனித்தனிக் கூண்டில், பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். நடுவில் நான்கு விரல் இடைவெளி. பார்க்கலாம், பேசலாம், மூக்கு எட்டக் கூடாது. இப்படியே விட்டால் தோல் புண்ணாகும், இறகின் வேர் செத்துவிடும், புண்ணில் சீழ் வைத்தால் இவ்வளவு சின்ன உடம்பு தாங்காது. "போயிடும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

ஆனேக்கல்லில் அம்மாவிடம் போனில் சொன்னால், "பக்ஷிக்கு டாக்டரா? உன்னைப் பெத்தப்ப எனக்கே டாக்டர் இல்ல. இதுக்குத்தான் கட்டட வேலை பாத்து உன்னை பி.காம். படிக்க வெச்சாரா உங்கப்பா?" என்கிறார்.

பிரிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். நீ சொல்லாமல் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. உடனே எழுது. உடனே என்றால் உங்கள் ஊரில் முதல் சனி, மூன்றாம் சனிதான் என்று தெரியும். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

சங்கமித்ரா

*

அடுகோடி
30 ஜூன் 2024, ஞாயிறு

கேரல்,

உன் பதிலுக்குக் காத்திருக்க முடியவில்லை. வியாழக்கிழமை காலை தோலில் ஒரு கீறல் இருந்தது. பிரித்துவிட்டேன்.

இரண்டாவது கூண்டு உன் அப்பா கொண்டுவந்தது. நான் கேட்கவில்லை. கடல் நுரைக்குப் போன் செய்ய நினைத்து, தைரியம் வராமல், மெசேஜில் நடந்ததை எழுதினேன். யூஜின் அங்கிள் பதிலே போடவில்லை. அன்று சாயங்காலம் சிவாஜிநகரிலிருந்து பஸ்ஸில், கூண்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். வந்ததும் வராததுமாகக் கத்தல்.

"அவ ஃபேமிலியே வேணாம்னு மடத்துக்குப் போயிட்டா. அவ விட்டுட்டுப் போன புருஷன் பொண்டாட்டிக்கு நான் தனிக்குடித்தனம் வெச்சுக் குடுக்கணுமா? என்னா மா நியாயம் இது?"

கத்திக்கொண்டே கூண்டைத் துடைத்தார். கத்திக்கொண்டே கம்பி போட்டார். பன்னுவின் கழுத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "அய்யய்யோ, ஏசுவே" என்று மட்டும் சொன்னார். காபி குடிக்காமல் போய்விட்டார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் உன் கடிதம் மேஜைமேல் இருந்தது, இரண்டு முறை அந்தப் பக்கமாக நடந்தார்.

பானையை எடுத்துத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். உடைக்கவில்லை. முதல் நாள் நிப்பட்டு கத்திய கத்தலில் வெங்கடசாமி இரண்டு முறை இறங்கி வந்தார். "கத்தறதுக்கும் ஒரு டைம் இல்லியாம்மா? மனுசன் டிவி பாக்க வேணாமா?" இரண்டாம் நாள் கத்தல் பாதியானது. மூன்றாம் நாள் சாப்பிட்டான். ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய பார்சல் அட்டையைக் கம்பியில் செருகிக் கொடுத்தேன். அதை ஒரு மணி நேரம் கிழித்தான். கிழிக்கட்டும்.

பன்னு கத்தவில்லை. நான்கு விரல் இடைவெளிக்கு எதிரே போய் உட்கார்ந்து அவன் பக்கம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். அதைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

கோபப்படாதே.

சங்கமித்ரா

*

கொடைரோடு
6 ஜூலை 2024

சங்கு,

உன் 23ந் தேதி லெட்டர் இன்னிக்குத்தான் கைக்கு வந்தது. மதர் ஒரு வாரம் ஊர்ல இல்ல.

பிரிக்காதே. பிரிக்கவே பிரிக்காதே. அந்த டாக்டருக்கு ஆயிரம் பறவையைத் தெரியும், என் பறவையைத் தெரியாது. முட்டையிலேருந்து வந்த மூணாவது மாசத்துலேருந்து ரெண்டும் ஒண்ணா இருக்கு. பிரிச்சா நிப்பட்டு சாப்பிட மாட்டான். ரெண்டு நாள்ல செத்துடுவான். அப்புறம் அது உன் மேலதான், நான் மதர் கிட்டகூட அதைச் சொல்லிச் சமாதானமாக முடியாது.

உனக்கு யார் என்ன சொன்னாலும் தலையாட்டறது பழக்கம். ஆபீஸ்ல மேனேஜர் சொன்னா தலையாட்டுவே, இப்ப டாக்டர் சொன்னா தலையாட்டறே. இந்த லெட்டர் வர்றதுக்குள்ள நீ அவசரப்பட்டுப் பிரிச்சிருந்தா, படிச்ச நிமிஷமே சேத்து வை. வேற ஒண்ணும் யோசிக்காதே. எனக்கு அவங்களைத் தெரியும். உன்னையும் தெரியும்.

ஆகஸ்ட் 18ந் தேதி வரும்போது ரெண்டையும் ஒரே கூண்டுல எடுத்துட்டு வா. ஒரு தடவை பாத்துக்கறேன். மதர் சரின்னு சொல்லிட்டாங்க.

இங்க எனக்குப் பாட்டு கிளாஸ் குடுத்திருக்காங்க. நல்லா இருக்கேன்.

கேரல்

*

அடுகோடி
14 ஜூலை 2024, ஞாயிறு

கேரல்,

பன்னு உயிரோடு இருக்கிறாள். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இனிமேல் வருவதை நீ நிதானமாகப் படிக்கலாம். நான் நிதானமாக எழுதப் போவதில்லை.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. அது வந்தபோது வீட்டு நிலவரம் என்ன தெரியுமா? நிப்பட்டு சாகவில்லை. எடை கூடியிருந்தான். பன்னுவின் கழுத்தில் புது இறகு முளைத்திருந்தது. முளை என்றால் ஊசி மாதிரி, நீலமாக, நுனியில் வெள்ளை உறையோடு. பதினேழு இருந்தன. எண்ணியிருக்கிறேன். அந்த முளைக்குள் இரத்தம் ஓடுகிறது, தொடாதே என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். கண் முன்னால் தெரிகிறது. உன் கடிதம் ஜூன் மாதக் கழுத்துக்கு எழுதப்பட்டது என்றும் தெரியும். இருந்தும் "படிச்ச நிமிஷமே" என்று நீ எழுதியிருந்தாய் இல்லையா, கடிதத்தை மடித்துக்கூட வைக்காமல் எழுந்து போய் இரண்டு பேரையும் ஒரே கூண்டில் விட்டேன்.

அவள் ஓடிப் போய் அவன் பக்கத்தில் நின்று தலையைக் குனிந்தாள்.

காலையில் துணியை எடுத்தால் கூண்டுக் கம்பியில் இரத்தம். முளைகளைக் கடித்து எடுத்திருந்தான். பதினேழில் ஆறுதான் மிச்சம். கழுத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுத்தம் செய்துவிடுகிற மாதிரி அதையே கோதிக்கொண்டிருந்தான். அவனைத் திட்டக்கூட முடியவில்லை. அவனுக்கு அது அன்புதான்.

கார்ன்ஃப்ளோரை அள்ளி அப்பி, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் டாக்டருக்குப் போன் செய்தேன். எழுதிவைத்துப் பேச நேரமில்லை. என்ன பேசினேன் என்று நினைவில்லை. கன்னடமும் தமிழும் கலந்து கத்தியிருக்கிறேன். "உடனே வாங்க" என்றார். ஆட்டோக்காரர் ஜெயநகருக்கு வர மாட்டேன் என்றார். "வரணும்" என்றேன். என் குரல்தான். வெங்கடசாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு வாய் கீதா!" என்றாராம். அவர் மனைவி சொன்னார்.

இரண்டு முளைகளை டாக்டர் வேரோடு எடுக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் இனி இறகு வருமா என்று சொல்ல முடியாதாம். "யார் சேர்த்து வெச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "ஏன்?" என்றார். கடிதம் வந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. படித்த பெண் சொல்கிற காரணமா அது?

உன் மேல் கோபம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மேல். ஓட்டலில் நீதான் எனக்கும் சேர்த்து ஆர்டர் செய்வாய். பேங்கில் என் பெயரை நீ சொல்வாய். எனக்கு எந்த நிறம் பொருந்தும், யாரோடு பேசலாம், எப்போது வேலை மாற வேண்டும், எல்லாம் நீ. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. நீ எதையாவது பிடுங்கும்போதும் "கீ" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பவும் தலையைக் குனிந்தேன்.

நேற்றிலிருந்து இரண்டு கூண்டு. இனிமேல் இரண்டு கூண்டுதான். உன் அனுமதிக்காக இதை எழுதவில்லை.

சங்கமித்ரா

*

கொடைரோடு
20 ஜூலை 2024

சங்கமித்ரா,

உன் 30ந் தேதி லெட்டர் எனக்குப் 13ந் தேதிதான் கிடைச்சது. பிரிச்சுட்டே, அவன் சாப்பிடறான்னு அதுல இருந்தது. சந்தோஷமாத்தான் இருந்தது. ஆனா அதுக்குள்ள என் லெட்டர் உன் கிட்ட வந்திருக்கும்னு தெரிஞ்சது. மதர் கிட்ட ஒரு போன் குடுங்கன்னு கேட்டேன். பறவைக்காகவா போன் வேணும்னு கேட்டாங்க. ஆமான்னேன். குடுக்கல.

என்னை நிப்பட்டு கூட சேத்து எழுதினதைப் படிச்சதும் முதல்ல கோபம்தான் வந்தது. நான் ஆர்டர் பண்ணலேன்னா நீ சாப்பிடாமயே எழுந்து வந்திருப்பேடீ! உனக்காகப் பேசினது தப்பா? ஒரு முழு பக்கம் சண்டை போட்டு எழுதினேன். அப்புறம் கிழிச்சுட்டேன்.

இப்ப ஒண்ணு சொல்லணும். எனக்குத் தெரியும். இறகு விழறது ஏப்ரல்லேயே ஆரம்பிச்சது. தினமும் நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி நான் பெருக்கிடுவேன். நீ பாத்தா கேப்பேன்னு. அப்ப சொட்டை இவ்வளவு இல்ல, சுத்தி இருந்த இறகை வெச்சு மூடியிருந்தது. ஒரு தடவை நானே பிரிச்சேன், அட்டைப் பெட்டியில. அவன் கத்தினான். ரெண்டு மணி நேரம்கூட என்னால தாங்க முடியல. அந்த வாரம்தான் இங்க வர்றதுன்னு முடிவு ஆச்சு. உன் கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம சுத்திட்டிருந்தேன். எங்கப்பா வேற பேசறதை நிறுத்திட்டார். எல்லாரையும் நான் ஒருத்தியே பிரிக்கிறேன், இதுங்களாவது ஒண்ணா இருக்கட்டும்னு பானை வாங்கினேன். வீடு குடுத்தா சரியாயிடும்னு நெனச்சேன்.

பூச்சி இல்லைன்னு எனக்குத் தெரியும். வேப்பிலைன்னு எழுதினது, நீ கண்டுபிடிச்சுடக் கூடாதேன்னு.

உன் லெட்டரை மதர் படிச்சாங்க. படிச்சு முடிச்சு, கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "இதுக்கு நீ எழுதற பதிலை நான் படிக்கப் போறதில்லை"ன்னு சொல்லிட்டாங்க. அதனால இது யாரும் படிக்காத லெட்டர்.

எங்கப்பா என் லெட்டரை எடுத்துப் படிச்சாரா? நடந்தாருன்னு மட்டும் எழுதியிருக்கே.

18ந் தேதி வர வேணாம்னு தோணினா வர வேணாம். நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன். நெனச்சுக்குவேன், ஆனா சொல்ல மாட்டேன்.

பன்னுவுக்கு இறகு வருமா?

கேரல்

*

அடுகோடி
4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

கேரல்,

வரும். எல்லா இடத்திலும் இல்லை. வலது பக்கம், காதுக்குக் கீழே இரண்டு இடம் அப்படியே இருந்துவிடும் என்று டாக்டர் நேற்று சொன்னார். மிச்ச இடத்தில் முளை விட்டிருக்கிறது. இந்த முறை நான் எண்ணவில்லை.

நீ பெருக்கி மறைத்தாய் என்று படித்ததும் இரண்டு நாள் உன்னோடு மனதுக்குள் பேசாமல் இருந்தேன். ஏப்ரலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இதை எந்த மெயிலிலும் "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று முடிக்க முடியாது. நீயும் முடிக்கப் பார்க்காதே. ஆனால் ஒன்று. அந்த இரண்டு மணி நேரம் உன்னால் தாங்க முடியவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அதை நம்புகிறேன். நான் மூன்று நாள் அந்தக் கத்தலைக் கேட்டவள்.

இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பாய். நிப்பட்டு தினமும் ஒரு அட்டையைத் தூள் தூளாக்குகிறான். பழைய விசிலை விட்டுவிட்டு வெங்கடசாமி வீட்டுக் குக்கர் மாதிரி விசிலடிக்கக் கற்றுக்கொண்டான். அவன் இரண்டு விசில் அடித்ததும் அவர் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, பருப்பு வேகவில்லையே என்று இறங்கி வருகிறார். வெங்கடசாமி கூண்டுகளைப் பார்த்துவிட்டு, "எங்க புள்ளையும் மருமவளும் இப்படித்தான். தனியா போனப்புறம்தான் பேச்சே நல்லா கீது" என்றார். "இங்கயும் பேச்சு நல்லாதான் இருக்கு சார், உங்க வீட்டுப் பருப்புதான் வேக மாட்டேங்குது" என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார்.

பன்னு ஒரு வாரம் இடைவெளிப் பக்கமே குனிந்து நின்றாள். பிறகு ஒரு நாள் தன் இறக்கையைத் தானே கோதிக்கொள்ள ஆரம்பித்தாள். தலைக்கு மட்டும் எட்டவில்லை. கம்பியில் தேய்த்துக்கொள்கிறாள். சில நாள் என் விரல் நகத்தைக் கம்பிக்குள் நீட்டினால் குனிகிறாள். கொஞ்ச நேரம் சொறிந்துவிட்டு நான் நிறுத்திவிடுகிறேன். அவள் இன்னும் குனிந்து நிற்கும்போதே நிறுத்துவது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

தூங்கும்போது இரண்டு பேரும் அவரவர் கம்பியின் கடைசிக்கு வந்து, நான்கு விரல் இடைவெளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அரை மணி நேரம் அறைக்குள் இருவரையும் திறந்து விடுகிறேன். முக்காலியில் நானும் உட்கார்ந்திருப்பேன். அவன் கழுத்துப் பக்கம் போனால் கைதட்டுவேன். இப்போதெல்லாம் கைதட்டுவதற்கு முன்பே பன்னு நகர்ந்துவிடுகிறாள். எல்லா முறையும் இல்லை. இன்று நகர்ந்தாள்.

நீ ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டேன். என் கையெழுத்தில் வேறு ஒட்டியிருக்கிறேன். அதில் ஆறு வரிதான்.

உன் அப்பா அன்றைக்குக் கடிதத்தைப் படிக்கவில்லை. நான் போன ஞாயிறு அவரிடம் கொடுத்தேன், முதல் கடிதத்தை மட்டும். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நாலாங்கிளாஸ் புக்கா? கையெழுத்து கோழி கிளறின மாதிரி கீது" என்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. 18ஆம் தேதிக்கு எந்த ரயில் என்று என்னிடம் மூன்று முறை கேட்டுவிட்டார். யாருக்காம் என்று கேட்டால், "சும்னே கேட்டேன்மா" என்கிறார். இரண்டு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

பறவைகள் வராது. அவ்வளவு தூரம் ரயிலில் ஒரே கூண்டில் வைக்க மாட்டேன், இரண்டு கூண்டைத் தூக்கவும் முடியாது. அதோடு, அவை இனி இங்கேதான் இருக்கும். நீ திரும்பி வந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி. பார்க்க வேண்டுமானால் வந்து பார், முக்காலி இன்னொன்று வாங்குகிறேன். பானை பரணில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளலாம்.

உன்னிடம் பேச நிறைய இருக்கிறது. அதில் பாதி சண்டை. எதையும் தாளில் எழுதிக்கொண்டு வரப் போவதில்லை.

கேட்டில் இருக்கும் சிஸ்டருக்குக் காது கேட்காது என்றாய். பரவாயில்லை, கத்துகிறேன். உள்ளேயே இரு. ஓடி வந்து என் பெயரை நீ சொல்லிவிடாதே.

சங்கமித்ரா